போஸ்கே டெல் அப்பாச்சி: பாலைவன ஆற்றங்கரையில் குளிர்காலப் பறவைகளைப் பார்க்க முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், சிவாவா பாலைவனத்தின் வடக்கு ஓரத்தில், ரியோ கிராண்டே ஆற்றின் இரு பக்கமும் விரிந்து கிடக்கிறது போஸ்கே டெல் அப்பாச்சி தேசிய வனவிலங்குப் புகலிடம். மொத்தம் 57,331 ஏக்கர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,500 அடி உயரம். ஆண்டு மழை 9 அங்குலத்தை ஒட்டித்தான். இந்த வறண்ட நிலத்துக்குக் குளிர்காலத்தில் சாண்ட்ஹில் பெருங்கொக்குகளும் பனி வாத்துகளும் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகின்றன.

படங்களைப் பார்த்து ஆசைப்பட்டு வருகிறவர்களில் பலர், காய்ந்த மக்காச்சோளத் தட்டையையும் தூரத்தில் மேயும் நாலைந்து கொக்குகளையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். வரைபடத்தில் பேர் போட்ட இடத்தில் போய் நிற்பதுதான் காரணம். இங்கே பறவை எங்கே இருக்கும் என்பதைத் தண்ணீரும் தீனியும் தீர்மானிக்கின்றன. இரண்டும் வாரத்துக்கு வாரம் இடம் மாறும். மாற்றுகிறவர்கள் புகலிடத்தின் பணியாளர்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு போனால், எந்தக் கரையில் எந்த நேரத்தில் நிற்க வேண்டும் என்பது உங்களுக்கே விளங்கிவிடும். அதனால் பயணத் தகவலுக்கு முன் தண்ணீரைப் பற்றிப் பேசிவிடுவோம்.

ஆறு செய்த வேலையை இப்போது மதகுகள் செய்கின்றன

ரியோ கிராண்டே கொலராடோ மலைகளில் பனி உருகிப் பிறக்கும் ஆறு. ஒரு காலத்தில் மே, ஜூன் மாதங்களில் வெள்ளம் கரையைத் தாண்டிப் பரவும். வடியும்போது ஈர மணல் திட்டுகளையும் ஆழமில்லாத குட்டைகளையும் விட்டுச் செல்லும். ஆற்றோரக் காட்டின் தலையாய மரமான காட்டன்வுட்டின் பஞ்சு விதை பறப்பதும் ஏறக்குறைய அதே வாரங்களில்தான். அந்த விதை சில வாரமே உயிரோடு இருக்கும். நிழலில்லாத, வேறு செடி முளைக்காத ஈர மணலில் அது விழ வேண்டும். முளைத்தபின் நிலத்தடி நீர் நாளுக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் வேரால் ஈரத்தைத் துரத்திப் பிடிக்க முடியாது, நாற்று கருகிவிடும். 1973-இல் மேல்மடையில் கொச்சிட்டி அணை வந்தபின் பழைய வெள்ளம் அடங்கிப்போனது. 1950-களில் ஆற்றுக்கு மேற்கே இணையாக வெட்டிய பெரிய வாய்க்காலும் கரைகளும் ஆற்றை ஓர் ஒடுங்கிய பாதைக்குள் நிறுத்திவிட்டன. சுற்றுச் சாலையில் போகும்போது கவனியுங்கள்: காட்டன்வுட் மரங்களில் பெரும்பாலானவை முதியவை. தானாக முளைத்த இளம் மரங்கள் அரிது. கூட்டமாக இளம் மரங்கள் நிற்கும் இடத்தில் பெரும்பாலும் யாரோ நட்டிருப்பார்கள், அல்லது மதகைத் திறந்து செயற்கை வெள்ளம் விட்டிருப்பார்கள்.

வெள்ளம் நின்ற இடத்தில் உப்புச்சவுக்கு என்று சொல்லத்தக்க டாமரிஸ்க் புதர் புகுந்தது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த செடி இது. ஒரு மரம் நாளுக்கு 200 காலன் தண்ணீர் குடிக்கிறது என்று நெடுங்காலம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அது மிகைக் கணக்கு. பரப்புக்குப் பரப்பு அளந்து பார்த்தபோது உள்ளூர் மரங்கள் எடுக்கும் நீரை ஒட்டித்தான் வந்தது. உண்மையான கேடு வேறு. அது நெருக்கமாக வளர்ந்து மற்றச் செடிகளுக்கு இடமில்லாமல் செய்கிறது, இலையோடு உப்பை மேல்மண்ணில் கொட்டுகிறது, சீக்கிரம் தீப்பிடிக்கிறது, எரிந்தாலும் வேரிலிருந்து துளிர்க்கிறது. புகலிடத்தில் இதை இயந்திரத்தால் வேரோடு பிடுங்கியும் எரித்தும் பல நூறு ஏக்கரில் அகற்றி, காட்டன்வுட்டும் வில்லோவும் மீண்டும் வளர்க்கிறார்கள். முழுவதையும் ஒரே மூச்சில் அகற்றுவதிலும் சிக்கல் உண்டு. அழிவின் விளிம்பில் உள்ள தென்மேற்கு வில்லோ ஈப்பிடிப்பான் இப்போது இந்தப் புதரிலும் கூடு கட்டுகிறது. டாமரிஸ்க் இலையைத் தின்னும் வண்டுகளைப் பரப்பும் திட்டத்தை அமெரிக்க வேளாண் துறை 2010-இல் நிறுத்தியதற்கு அந்தச் சின்னஞ்சிறு பறவைதான் காரணம்.

இனி பறவைகளுக்கு நேரடியாகப் படும் பகுதி. மொத்தப் பரப்பில் சுமார் 12,900 ஏக்கர்தான் ஈரமான தாழ்நிலம். அதில் 3,800 ஏக்கர் ஆற்றின் இயல்பான வெள்ளச் சமவெளி. மீதி 9,100 ஏக்கருக்கு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் கொண்டுவந்து குளம், வயல், காடு என்று பராமரிக்கிறார்கள். எஞ்சிய பெருநிலம் மேற்கே சுபடேரா மலைகள், கிழக்கே சான் பாஸ்குவல் மலைகள் வரை ஏறிப்போகும் வறண்ட பாலை.

ஒரு குளத்தின் ஆண்டு இப்படி ஓடும். வசந்தத்தில் மடையைத் திறந்து தண்ணீரை மெல்ல வடிப்பார்கள். வடிந்த சேற்றில் குதிரைவாலி இனத்துக் களைப்புல்லும் கோரையும் நீரோரச் செடிகளும் முளைக்கும். கோடையில் தேவைப்பட்டால் ஒரு நனைப்பு. இலையுதிர்காலத்தில் அவை விதை பிடித்து நிற்கும்போது மறுபடி தண்ணீரை ஏற்றுவார்கள். மூழ்கிய விதை வாத்துகளுக்கு, கோரைக்கிழங்கு கொக்குகளுக்கு. ஏரியின் ஓரத்தில் தண்ணீர் வற்ற வற்றக் கொக்குகள் கூடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை நாணலும் புதரும் மண்டிவிட்டால் குளத்தைக் காயவிட்டு, எரித்தோ உழுதோ புதிதாகத் தொடங்குவார்கள். போன ஆண்டு பறவை நிறைந்திருந்த குளம் இந்த ஆண்டு கட்டாந்தரையாகக் கிடப்பது இதனால்தான். யாரும் கைவிட்டுவிடவில்லை.

தண்ணீரின் ஆழம் முக்கியம். கொக்குகள் இரவில் நின்றபடி தூங்கும். சுமார் 10 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் அவற்றுக்குப் பிடிக்கும். கயோட்டி ஓநாய் கரையிலிருந்து வந்தால் தண்ணீர்ச் சத்தம் காட்டிக்கொடுக்கும். ஆழம் கூடினால் கொக்கு நிற்காது, குறைந்தால் காவல் போய்விடும்.

அடுத்தது மக்காச்சோளம். கொக்கு உயரமான பயிருக்குள் நுழைய அஞ்சும், ஏனென்றால் உள்ளே பகைவன் கண்ணுக்குத் தெரியாது. அதனால் நிற்கும் பயிரைப் பட்டை பட்டையாக வெட்டிச் சாய்த்துக் கதிரைத் தரையில் விடுகிறார்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் சாய்த்தால் டிசம்பருக்குள் தீர்ந்துவிடும். பறவைகள் பக்கத்து உழவர்களின் வயலில் இறங்கிவிடும். பிப்ரவரி வரை தீனி இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் சாய்க்கிறார்கள். அண்மையில் எந்த வயலைச் சாய்த்தார்களோ, பகலில் கூட்டம் அங்கே.

எந்த வாரம் போவது

கொக்குகள் அக்டோபர் பிற்பகுதியில் வரத் தொடங்கும். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை கூட்டம் நிறைந்திருக்கும். பிப்ரவரி நடுவில் வடக்கே கிளம்பிவிடும். பனி வாத்துகள் கொக்குகளுக்குச் சற்றுப் பின்னால் வந்து சேரும். அதனால் முதன்முறை போகிறவர்களுக்கு டிசம்பர் முதல் மூன்று வாரம் சிறந்தது என்பது எங்கள் கருத்து. ஜனவரி இன்னும் அமைதியானது, ஆனால் குளங்கள் உறையும் வாய்ப்பு அதிகம்.

ஆண்டுதோறும் நடக்கும் கொக்குத் திருவிழா நாட்களில் நல்ல வகுப்புகளும் வழிகாட்டி நடைகளும் உண்டு. கூட்டமும் உண்டு, விடுதியும் கிடைக்காது. கற்றுக்கொள்ள விரும்பினால் அப்போது போங்கள். தனிமை வேண்டுமென்றால் அந்த வாரத்தைத் தவிருங்கள். எப்படிப் போனாலும் இரண்டு இரவாவது தங்குங்கள். ஒரு மாலை நோட்டம் பார்க்க, ஒரு காலை அதைப் பயன்படுத்த, இன்னொரு காலை காற்றோ மூடுபனியோ கெடுத்தால் ஈடுகட்ட. பகலில் வந்து மாலைக்குள் திரும்பும் திட்டம் பெரும்பாலும் ஏமாற்றத்தில்தான் முடியும்.

போய்ச் சேர்வது

அருகிலுள்ள பெரிய விமான நிலையம் அல்புகர்கி. அங்கிருந்து 25-ஆம் எண் மாநிலங்களுக்கிடை நெடுஞ்சாலையில் தெற்கே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். 139-ஆம் வெளிவழியில் இறங்கி, 380-ஆம் எண் சாலையில் கிழக்கே அரை மைல் போனால் சான் அன்டோனியோ என்ற சிற்றூர். அங்கே வலப்பக்கம் திரும்பி மாநில நெடுஞ்சாலை 1-இல் தெற்கே 8, 9 மைல் போனால் பார்வையாளர் மையம். வழிகாட்டிச் செயலியில் வெறுமனே சான் அன்டோனியோ என்று போட்டால் டெக்சாஸுக்கு வழி காட்டும், புகலிடத்தின் பெயரையே போடுங்கள்.

தங்குவதற்கு 20 மைலுக்குள் இருக்கும் சொகோரோ வசதியானது. பெட்ரோல், தண்ணீர், சாப்பாடு எல்லாவற்றையும் முதல் நாளே அங்கே முடித்துவிடுங்கள். விடியலுக்கு முன் கிளம்பும்போது கடைகள் திறந்திருக்காது, புகலிடத்துக்குள் பெட்ரோல் நிலையம் கிடையாது. வண்டிக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. கூட்டரசு நிலங்களுக்கான ஆண்டு அனுமதி அட்டை இங்கும் செல்லும். சுற்றுச் சாலை வழக்கமாகச் சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன் திறந்து, மறைந்து ஒரு மணி நேரம் கழித்து மூடப்படும். போகும் வாரத்து நேரத்தைப் புகலிடத்தின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் பிற்பகல்: நோட்டம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் பின்பற்ற முடியுமென்றால் இதைப் பின்பற்றுங்கள்.

மதியம் 1 மணிக்குள் பார்வையாளர் மையத்துக்குப் போய் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த வாரம் எந்தெந்தக் குளத்தில் தண்ணீர் இருக்கிறது? கடைசியாக எந்த வயலில் சோளம் சாய்த்தார்கள்? நேற்றிரவு கொக்குகள் எங்கே தங்கின? மேசையில் இருக்கும் தன்னார்வலர்கள் பலர் குளிர்காலம் முழுவதும் அங்கேயே தங்குகிறவர்கள், நாள்தோறும் பார்க்கிறவர்கள். "நல்ல இடம் எது?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

பிறகு சுற்றுச் சாலையை ஒரு முறை முழுக்க ஓட்டுங்கள். வடக்குச் சுற்று, தெற்குச் சுற்று இரண்டும் சேர்ந்து சுமார் 12 மைல். ஜல்லிச் சாலை, சாதாரண காரே போதும். பெரும்பகுதி ஒருவழி. வேகமாகப் போனால் பின்னால் வருகிறவர்களுக்குப் புழுதி. நிறுத்தும்போது ஓரமாக நிறுத்தி மற்றவர்களுக்கு வழிவிடுங்கள். தண்ணீர் உள்ள குளங்களையும், எந்தக் கரையில் நின்றால் சூரியன் முதுகுப்புறம் இருக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாலைக்கான இடத்தில் நிலைகொள்ளுங்கள். டிசம்பர் நடுவில் இங்கே 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். கொக்குகள் சிறு சிறு குழுக்களாக, கால்களைத் தொங்கவிட்டபடி வந்து இறங்கும். கடைசிக் கூட்டம் நன்றாக இருட்டிய பின்னும் வந்துகொண்டிருக்கும், சூரியன் மறைந்ததும் கிளம்பிவிடாதீர்கள். மாலையில் அதிகக் கொக்குகள் எந்தக் குளத்தில் இறங்கினவோ, இரவில் யாரும் தொந்தரவு செய்யாவிட்டால் விடியலில் அங்கிருந்துதான் எழும். நாளைக் காலைக்கான இடம் உங்களுக்குக் கிடைத்துவிட்டது.

விடியல்

டிசம்பர் நடுவில் சூரிய உதயம் ஏறக்குறைய காலை 7 மணி. 6.15-க்குள் குளத்தருகே இருங்கள். வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 5 முதல் 10 செல்சியஸ் வரை இறங்கியிருக்கும். நகராமல் ஒரு மணி நேரம் நிற்கப்போகிறீர்கள் என்பதை மனதில் வைத்து உடுத்துங்கள்: உள்ளாடையில் பருத்தி வேண்டாம், அதற்குப் பதில் கம்பளி அல்லது செயற்கை இழை. அதன் மேல் தடித்த அடுக்கு, அதற்கும் மேல் காற்று புகாத சட்டை. மெல்லிய கையுறையின் மேல் விரலில்லாத தடித்த உறை. பாதத்துக்கு அடியில் ஒரு பழைய ரப்பர் விரிப்பு போட்டுக்கொண்டால் தரையின் குளிர் ஏறாது. 10 மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று அடிக்கும், அடுக்கடுக்காகக் கழற்றலாம்.

ஃப்ளைட் டெக் என்று பெயர்பெற்ற மரப்பலகை மேடை பலருக்கும் தெரிந்த இடம். மேடையில் உறைபனி வழுக்கும், யாராவது நடந்தால் பலகை அதிர்ந்து கேமரா முக்காலி ஆடும். நெடுஞ்சாலை 1-ஐ ஒட்டிய கொக்குக் குளங்கள் இன்னோர் இடம். இரண்டிலும் தண்ணீர் இருக்கிறதா என்பதை நேற்றே கேட்டிருப்பீர்கள்.

பனி வாத்துகளும் கொக்குகளும் எழும் முறை வேறு வேறு. வாத்துகளின் ஓசை மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும், பிறகு ஒரு கணத்தில் ஆயிரக்கணக்கானவை ஒன்றாகக் கிளம்பும். பெரும்பாலும் உதயத்தை ஒட்டி, சில நாள் அதற்கும் முன்னால். கழுகோ கயோட்டியோ எட்டிப் பார்த்தால் எந்த நேரத்திலும். தலைக்கு மேலே அந்தச் சிறகொலி கடந்துபோவதை எந்தப் படமும் தராது. அந்த முதல் முறை கேமராவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பாருங்கள்.

கொக்குகளுக்கு அவசரமில்லை. உதயத்துக்குப் பின் ஒரு மணி நேரம் வரை, இரண்டு மூன்றாக, குடும்பம் குடும்பமாகக் கிளம்பும். குளம் உறைந்திருந்தால் இன்னும் தாமதமாகும். பனிக்கட்டியின் மேல் வழுக்கி வழுக்கி நடக்கும். எது எப்போது பறக்கும் என்று முன்கூட்டியே சொல்ல ஓர் அடையாளம் உண்டு. பறக்க முடிவு செய்த கொக்கு, போக வேண்டிய திசையைப் பார்த்து, கழுத்தை முன்னால் நீட்டிச் சாய்ந்து நிற்கும். பக்கத்தில் உள்ள இணையும் அதே மாதிரி சாய்ந்தால் சில நொடிகளில் ஓடி எழும். இந்தச் சாய்வைக் கண்டுகொள்ளப் பழகிவிட்டால் கண்ணை அங்கும் இங்கும் அலையவிட வேண்டியதில்லை.

காற்றையும் பாருங்கள். பறவைகள் காற்றை எதிர்த்தே எழும், எதிர்த்தே இறங்கும். உங்கள் முதுகில் சூரியனும் முதுகில் காற்றும் இருந்தால் பறவை உங்களை நோக்கி, ஒளி முகத்தில் பட வரும். காலைக்குக் கிழக்குக் காற்று, மாலைக்கு மேற்குக் காற்று. காற்று எதிர்ப்புறமாக இருந்தால் எல்லாமே வாலைக் காட்டிக்கொண்டு போகும். அன்று குளத்தின் மறுகரையில் நின்று நிழலுருவப் படங்களுக்குப் போய்விடுவது நல்லது.

கேமராவில் தவறு எங்கே நேர்கிறது

விடியலில் வாத்துகள் எழும் காட்சிக்கு 100-400 மில்லிமீட்டர் லென்ஸே போதும். தலைக்கு மேலே பரவும்போது 24-70 இன்னும் நன்றாக வரும். தனிக் கொக்கின் உருவத்துக்கு 500 அல்லது 600. பறப்பதை உறையவைக்க ஷட்டர் வேகம் 1/1600 நொடிக்குக் குறையாமல். ஒளி போதாத முதல் அரை மணி நேரத்தில் அதற்காகப் போராட வேண்டாம். 1/15 முதல் 1/30 வரை வைத்து, பறவையின் ஓட்டத்தோடு கேமராவையும் நகர்த்தினால் சிறகுகள் தூரிகைத் தீற்றலாக விழும். பத்தில் ஒன்று தேறினாலே நல்லது.

ஒளி அளவில் இரண்டு பொறிகள். வானம் வெளுத்திருக்கும்போது தானியங்கி முறை கொக்கைக் கரியாக்கும், ஒரு படி கூட்டுங்கள். வெயில் வந்தபின் இருண்ட மலைப் பின்னணியில் வெள்ளை வாத்தின் இறகு முழுக்க வெளிறிவிடும், அப்போது குறையுங்கள். ஒளி நிலைத்ததும் கைமுறைக்கு மாறி, வாத்தின் வெள்ளையில் கோடு தெரியும் அளவில் நிறுத்திவிட்டால் பின்னணி மாறினாலும் கவலையில்லை.

நல்ல லென்ஸ், நல்ல வேகம், ஆனாலும் படம் குழம்பியிருக்கிறது என்று குழம்புகிறவர்கள் அதிகம். காரணம் பெரும்பாலும் கானல். குளிர்ந்த நிலத்தின் மேல் வெயில் பட்டதும் காற்று நெளியத் தொடங்கும். 10 மணிக்கு மேல் நூறு மீட்டருக்கு அப்பாலுள்ள பறவை எந்த லென்ஸிலும் தெளிவாக வராது. காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு சன்னல் வழியே எடுத்தாலும் இதே கேடு. ஹீட்டரை அணைத்து, எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கி, உள்ளும் வெளியும் ஒரே குளிராக ஆன பிறகு எடுங்கள். மாற்று பேட்டரியை உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். அறைக்குத் திரும்பியதும் கேமராப் பையை ஒரு மணி நேரம் திறக்காதீர்கள், திறந்தால் லென்ஸுக்குள் நீர்த்துளி படியும்.

டிரோன் பறக்கவிடக் கூடாது. தேசிய வனவிலங்குப் புகலிடங்கள் எல்லாவற்றிலும் இதே விதி.

நடுப்பகல்

9 மணிக்குமேல் கொக்குகள் சாய்த்த சோள வயல்களில் இருக்கும். காரே சிறந்த மறைவிடம். எஞ்சினை அணைத்து உள்ளேயே இருந்தால் சில மீட்டர் தூரத்தில் மேயும். கதவைத் திறந்து இறங்கியதும் மனித உருவம் தெரிந்து மொத்தக் கூட்டமும் விலகும். குளிர்காலத்தில் ஒவ்வொரு வீண் பறத்தலும் அவை தின்று சேர்த்த கொழுப்பிலிருந்து கழிகிறது. வசந்தத்தில் மலைகளைத் தாண்டிப் போக அதுதான் எரிபொருள்.

அருகில் கிடைத்தால் குடும்பங்களைப் பிரித்துப் பாருங்கள். நெற்றியில் சிவந்த வெறுந்தோல் இருந்தால் வளர்ந்தது. தலை முழுக்கப் பழுப்பாக, சிவப்பே இல்லாவிட்டால் அந்த ஆண்டுக் குஞ்சு. கொக்கு வழக்கமாக இரண்டு முட்டை இடும், பெரும்பாலும் ஒன்றே பிழைக்கும். அதனால் மூன்றாகப் பறப்பவை அநேகமாகத் தாய், தகப்பன், பிள்ளை. குஞ்சின் குரல் மெல்லிய விசில். பெரியவற்றின் குரல் மைல் கணக்கில் கேட்கும், ஏனென்றால் மூச்சுக்குழல் மார்பெலும்புக்குள் சுருண்டு நீண்டிருக்கிறது. பனி வாத்துகளுக்கிடையே சற்றுச் சிறியதாக, குட்டை அலகும் உருண்டைத் தலையுமாக இருப்பது ராஸ் வாத்து. அலகின் ஓரத்தில் கரிய சிரிப்புக் கோடு இருந்தால் பனி வாத்து, இல்லாவிட்டால் ராஸ். குளங்களில் ஊசிவால் வாத்தையும் தட்டைவாயனையும் எளிதில் காணலாம். இந்த இரண்டும் தமிழகத்து ஏரிகளுக்கும் குளிர்கால விருந்தாளிகள்தான்.

1941-இல் இங்கே எண்ணிய சாண்ட்ஹில் கொக்குகள் 17. புகலிடம் அறிவிக்கப்பட்டு இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. இன்றைய ஆயிரங்களை அந்தப் பதினேழோடு ஒப்பிட்டு வயலோரத்தில் நின்று நினைத்துப் பார்க்க வேண்டும். எல்லா முயற்சியும் இப்படிக் கைகூடவில்லை. 1975 முதல் ஐடஹோவின் கிரேஸ் ஏரியில், அழியும் நிலையிலிருந்த ஹூப்பிங் கொக்கின் முட்டைகளைச் சாண்ட்ஹில் கூடுகளில் வைத்து அடைகாக்க விட்டார்கள். குஞ்சுகள் வளர்ப்புப் பெற்றோரோடு இங்கே வந்து குளிர்காலம் கழித்தன. ஆனால் தம்மையும் சாண்ட்ஹில் என்றே எண்ணி, தம் இனத்தோடு சேரவில்லை. ஒரு தலைமுறையோடு முடிந்தது. இன்று கூட்டத்தில் பெரிய வெள்ளைப் பறவை தெரிந்தால் ஹூப்பிங் என்று முடிவுகட்ட வேண்டாம், அநேகமாக கிரேட் எக்ரெட் என்ற, நாரையினத்துப் பெரிய வெள்ளைக் கொக்காகவே இருக்கும்.

கால் நீட்டி நடக்க விரும்பினால் பாலைப் பக்கம் 2.2 மைல் கேன்யன் பாதை உண்டு. இரண்டு மணி நேரம் வையுங்கள். சுபடேரா பாதை போய்வர 9.5 மைல், நிழலே கிடையாது. ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீருக்குக் குறையாமல் எடுத்துப் போங்கள். காட்டன்வுட் மரக்கிளைகளில் கரிய உருண்டையாகத் தெரிந்தால் கூடு என்று விட்டுவிடாமல் தொலைநோக்கியில் பாருங்கள், முள்ளம்பன்றி ஏறி உட்கார்ந்திருக்கும்.

செய்யக்கூடாதவை

இருட்டில் குளத்துக்கு நேரே காரின் முன்விளக்கை அடிக்காதீர்கள். தலையில் கட்டும் விளக்கில் சிவப்பு ஒளி போதும். பறக்கவைப்பதற்காகக் கைதட்டுவது, கதவை அறைவது எல்லாம் சட்டப்படியும் குற்றம், மனசாட்சிப்படியும் குற்றம். மூடிய சாலைத் தடையைத் தாண்டி நடக்காதீர்கள், பறவைகளுக்கு அமைதியான ஓர் இடம் வேண்டும் என்றுதான் அதை மூடுகிறார்கள்.

செத்த, சோர்ந்த பறவையைத் தொட வேண்டாம். இடத்தைக் குறித்து மையத்தில் சொல்லுங்கள். 2022-க்குப் பின் பறவைக் காய்ச்சல் வட அமெரிக்கப் பனி வாத்துகளைப் பலமாகத் தாக்கியிருக்கிறது. தண்ணீர் குறைந்து பறவைகள் நெருங்கிக் கிடக்கும் ஆண்டுகளில் பறவைக் காலராவும் பரவும். குளக்கரைச் சேறு பட்ட காலணியைக் கழுவாமல் வீட்டில் கோழி, வாத்து வளர்க்கும் இடத்துக்குப் போகாதீர்கள்.

குளிர்காலம் அல்லாத மாதங்கள்

மார்ச், ஏப்ரலில் புழுதிக் காற்று. மே முதல் செப்டம்பர் வரை குளங்கள் வடிந்து கிடக்கும், வெயில் 35 செல்சியஸைத் தாண்டும், கொசு மொய்க்கும். ஆனாலும் ஆற்றோரக் காட்டுக்கு அதுதான் பருவம்: மஞ்சள் அலகுக் குயில், வில்லோ ஈப்பிடிப்பான், தேன்சிட்டு போன்ற ஹம்மிங் பறவைகள். காலை 9 மணிக்குள் முடித்துவிடுங்கள். கேன்யன் பாதையில் ராட்டில் பாம்புக்குக் கவனம். இந்தப் பகுதியில் ரியோ கிராண்டே பல கோடைகளில் நீள நீளமாக வறண்டுவிடுகிறது. எஞ்சிய குட்டைகளில் சிக்கிய வெள்ளிக் கெண்டை போன்ற சிறு மீனைப் பணியாளர்கள் வலைபோட்டு எடுத்துத் தண்ணீர் ஓடும் இடத்தில் விடுகிறார்கள். ரியோ கிராண்டே சில்வரி மின்னோ என்ற அந்த மீன் உலகத்தில் வேறெங்கும் இவ்வளவு எண்ணிக்கையில் எஞ்சவில்லை.

குளம் நிரம்பாத ஆண்டில்

வறட்சி ஆண்டுகளில் எல்லாக் குளத்தையும் நிரப்பத் தண்ணீர் போதாது. அப்படிச் சொன்னார்களென்றால் பயணத்தைக் கைவிட வேண்டாம். 25-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே 36 மைல், 175-ஆம் வெளிவழியில் பெர்னார்டோ என்ற இடத்தில் மாநில அரசின் நீர்ப்பறவைப் புகலிடம் ஒன்று இருக்கிறது. அங்கும் இதே முறையில் சோளம் விளைவித்துக் கொக்குகளுக்கு விடுகிறார்கள். கார்ச் சுற்றும் பார்வை மேடைகளும் உண்டு, கூட்டம் மிகக் குறைவு. அல்புகர்கியிலிருந்து வரும் வழியிலேயே இருப்பதால் முதல் நாள் மதியம் அங்கே ஒரு சுற்றுப் போட்டுவிட்டு, பறவைகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பார்த்து அறையை முடிவு செய்யலாம். பிப்ரவரி தவறிவிட்டால், இதே கொக்குகள் மார்ச்சில் கொலராடோவின் சான் லூயிஸ் பள்ளத்தாக்கில் மான்டே விஸ்டா புகலிடத்தில் சில வாரம் தங்கி இளைப்பாறும். மதகு, சாய்த்த பயிர், விடியல் நேரம் என்று மேலே சொன்ன கணக்கெல்லாம் அங்கும் பொருந்தும். இன்னும் 3,000 அடி உயரம் என்பதால் உடுப்பில் மட்டும் ஓர் அடுக்கு கூடுதலாக வேண்டும்.